தலையெழுத்து அல்ல, முதல் நிமிடம்!

“பொறந்தப்போ புள்ள அழவே இல்லைங்க. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அழுதுச்சு.”

மூன்று வயதாகியும் உட்காராத, ஐந்து வயதாகியும் நடக்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிசியோதெரபி மையத்துக்கு வரும் தாய்மார்களில் பலர் முதலில் சொல்வது இதைத்தான். அதற்கடுத்த வாக்கியத்தை ஊர் சொல்லிவிடும். “எல்லாம் தலையெழுத்து!”

இந்தத் தலையெழுத்துக்குக் கிளைகள் பல. ஜாதகம் பார்ப்பவர் பாலாரிஷ்டம் என்பார். மாமியார், மருமகள் கிரகணத்தன்று வெளியே வந்ததை ஞாபகப்படுத்துவார். பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தின் பழைய பாவத்தைக் கிளறுவார். கொடி சுற்றிப் பிறந்த குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம். மாமனுக்கு ஆகாது என்று சொல்லி, எண்ணெயில் குழந்தையின் முகத்தை மாமன் பார்க்கும் சடங்குக்கு ஏற்பாடு நடக்கும். (கொடி கழுத்தைச் சுற்றுவது மிகச் சாதாரணம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை.) மாமனின் ஆயுளைப் பற்றி அவ்வளவு பதற்றம்! குழந்தையின் மூளைக்கு எத்தனை நிமிடம் ஆக்சிஜன் போகவில்லை என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். குழந்தை பிறந்த முதல் நிமிடத்தில் பிரசவ அறையில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

மூளைக்குள் என்ன நடக்கிறது?

வயிற்றில் இருக்கும்வரை குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. நஞ்சும் தொப்புள்கொடியும்தான் ஆக்சிஜன் கொடுக்கின்றன. பிரசவ வலி ஒவ்வொரு முறை வரும்போதும் கர்ப்பப்பை இறுகுகிறது, அந்தச் சில நொடிகள் ரத்த ஓட்டம் குறைகிறது, வலி விட்டதும் சரியாகிறது. ஆரோக்கியமான குழந்தை இதைத் தாங்கும். வலி இடைவெளியே இல்லாமல் வந்தால், கொடி அழுந்தினால், நஞ்சு முன்னதாகவே பிரிந்தால், கர்ப்பப்பை கிழிந்தால், தாங்காது.

ஆக்சிஜன் குறைந்தால் மூளைச் செல்களின் சக்தி உற்பத்தி படுத்துவிடுகிறது. செல்லுக்குள் உப்பும் நீரும் புகாமல் பார்த்துக்கொள்ளும் பம்புகள் நிற்கின்றன. செல்கள் வீங்கிச் சாகின்றன. இது முதல் அடி. மறுபடி ரத்தமும் ஆக்சிஜனும் வந்ததும் மூளை ஓரளவு தேறுவது போலத் தெரியும். ஏறத்தாழ ஆறு மணி நேரம் நீடிக்கும் அந்த அமைதியை நம்பிவிடக் கூடாது. அதன்பின் ஒன்றிரண்டு நாட்களில் இரண்டாவது அடி விழுகிறது. முதல் அடியில் தப்பிய செல்கள் இதில் சாகின்றன. பல குழந்தைகளுக்கு வலிப்பு வருவதும் இந்தக் கட்டத்தில்தான். பச்சைக் குழந்தையின் வலிப்பு பெரியவர்களுக்கு வருவது போல இருக்காது. உதட்டைச் சப்புக்கொட்டும், சைக்கிள் மிதிப்பது போலக் காலை அசைக்கும், கண் ஒரே பக்கம் நிலைகுத்தும். “புள்ள விளையாடுது” என்று பாட்டி மகிழ்ந்துகொண்டிருப்பார்!

பாதிப்பு லேசாக இருந்தால் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே தேறிவிடுகிறார்கள். நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் மரணம், மூளை முடக்குவாதம், வலிப்பு நோய், பார்வை அல்லது கேள்விக் குறைபாடு, கற்றல் சிரமம் என்று பட்டியல் நீளும். மூளையின் ஆழத்தில் உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதிகள் அதிக சக்தியைச் செலவழிப்பவை. திடீரென்று ஆக்சிஜன் நின்றால் அவைதான் முதலில் அடிவாங்குகின்றன. எல்லாம் புரிந்தும் கையும் வாயும் சொன்னபடி கேட்காத குழந்தைகள் இருப்பது இதனால்தான். அவர்களைத்தான் ஊர் ‘புத்தி இல்லாதது’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறது.

தலைகீழாகப் பிடித்து அடிப்பது சிகிச்சையா?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளிமையானது. மாதம் நிறைந்து பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 85 பேர் அரை நிமிடத்துக்குள் தாமாகவே மூச்சு விடுவார்கள். இன்னும் 10 பேருக்கு, நன்றாகத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டால் போதும். மீதி மூன்று முதல் ஆறு பேருக்கு முகத்தில் மாஸ்க் வைத்துப் பையை அழுத்திக் காற்று கொடுக்க வேண்டும். அதற்கும் மேல் பெரிய சிகிச்சை தேவைப்படுவது 100-இல் ஒருவருக்கும் குறைவு.

அந்த மூன்று முதல் ஆறு பேரிடம்தான் எல்லாம் இருக்கிறது.

ஆக்சிஜன் இல்லாத குழந்தை முதலில் வேகமாக மூச்சுக்குப் போராடும், பிறகு நிறுத்திவிடும். இது முதல் நிறுத்தம். இந்த நிலையில் துடைத்துத் தூண்டினால் மூச்சு வந்துவிடும். இதையும் தாண்டினால் சில திணறல்களுக்குப் பின் இரண்டாம் நிறுத்தம். இந்த நிலைக்குப் போன குழந்தையைத் தட்டினாலும் தேய்த்தாலும் கிள்ளினாலும் மூச்சு வராது. நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளினால்தான் வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் சிக்கல். அதனால்தான் ஒரு நிமிடக் கெடு. துடைத்தும் மூச்சு வரவில்லையென்றால், முதல் நிமிடம் முடிவதற்குள் பையை அழுத்தத் தொடங்கிவிட வேண்டும். இதற்குத் ‘தங்க நிமிடம்’ என்று பெயர்.

சினிமாவில் என்ன காட்டுகிறார்கள்? குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி நாலு அடி போட்டதும் ‘வீல்’ என்று அழும். கதாநாயகன் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பல பிரசவ அறைகளில் இதே காட்சி நிஜமாகவும் நடந்திருக்கிறது. முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் உண்டு. இரண்டாம் நிறுத்தத்தில் இருக்கும் குழந்தைக்கு விழும் ஒவ்வொரு அடியும் வீணான சில நொடிகள். அந்த நொடிகளின் விலையைக் கொடுப்பது அடித்தவர் அல்ல.

சிலிண்டர் இல்லை என்ற சாக்கு

“ஆக்சிஜன் சிலிண்டர் காலி, நாங்க என்ன பண்றது?” என்பது அடுத்த சமாதானம். ஆக்சிஜன் குறைவால் வரும் பிரச்சினைக்கு ஆக்சிஜன் சிலிண்டர்தான் தீர்வு என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஆராய்ச்சி வேறு கதை சொல்கிறது.

1993-இல் டெல்லியில் சித்தார்த் ராம்ஜியும் அவரது குழுவினரும், மூச்சு விடாத பச்சைக் குழந்தைகளுக்குச் சாதாரண அறைக்காற்றையும் 100 சதவீத ஆக்சிஜனையும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வை வெளியிட்டார்கள். அறைக்காற்று சளைக்கவில்லை. நார்வேயின் ஓலா சௌக்ஸ்டாட் தலைமையில், இந்திய மருத்துவமனைகளும் சேர்ந்து பல நாடுகளில் நடத்திய பெரிய ஆய்வு 1998-இல் வெளியானது. அதன் முடிவும் அதுவே. அதற்குப் பின் வந்த ஆய்வுகள், அளவுக்கு மீறிய ஆக்சிஜன் தீங்குகூடச் செய்யலாம் என்று காட்டின. 2010-இல் உலக வழிகாட்டு நெறிகளே மாறின. மாதம் நிறைந்த குழந்தைக்கு அறைக்காற்றில்தான் தொடங்க வேண்டும்.

ஆக, தேவைப்படும் மருந்து பிரசவ அறை முழுக்க இலவசமாக நிறைந்திருக்கிறது. அதை நுரையீரலுக்குள் தள்ள ஒரு பை, ஒரு மாஸ்க், பழகிய இரண்டு கைகள் வேண்டும். செவிலியர்கள் ஆம்பு பேக் என்று சொல்லும் அந்தப் பை 1956-லேயே டென்மார்க்கில் உருவாகிவிட்டது. மின்சாரம் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், டெண்டர் விட்டுக் கட்டடம் கட்ட வேண்டாம். ஒருவேளை அதனால்தான் யாரும் திறப்பு விழா நடத்துவதில்லையோ?

காட்சிரோலி காட்டிய கணக்கு

“இதெல்லாம் பெரிய டாக்டர்கள் செய்ய வேண்டிய வேலை” என்பவர்களுக்கு மகாராஷ்டிராவின் காட்சிரோலி மாவட்டம் பதில் சொல்லிப் பல வருடங்கள் ஆகின்றன. அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி 1990-களில் அங்கே கிராமத்துப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். பெரும்பாலான பிரசவங்கள் வீட்டிலேயே நடந்த பழங்குடிப் பகுதி அது. பெரிய படிப்பு எதுவும் இல்லாத அந்தப் பெண்கள் மூச்சு விடாத குழந்தைகளுக்கு மாஸ்க் வைத்துக் காற்று கொடுத்தார்கள், கிருமித்தொற்றுக்குச் சிகிச்சை செய்தார்கள். பச்சிளம் குழந்தைகளின் இறப்பு 62 சதவீதம் குறைந்தது என்று 1999-இல் ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது. மூச்சுத்திணறலால் நேர்ந்த இறப்பு மட்டும் தனியாக 65 சதவீதம் குறைந்தது என்று 2005-இல் எழுதினார்கள்.

வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய எண் இன்னொன்று. பையும் மாஸ்கும் வாங்கிய செலவை, தவிர்க்கப்பட்ட இறப்புகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஓர் உயிருக்குச் சுமார் 13 டாலர்! எந்த முதலீட்டில் இப்படி ஒரு லாபம் கிடைக்கும்? இந்த 13 டாலரை மிச்சம் பிடித்ததால் வரும் நஷ்டமோ யாருடைய கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. அது ஒரு தாய் வேலையை விடுவதாக, தந்தை வட்டிக்கு வாங்குவதாக, வாரம் மூன்று நாள் பஸ் செலவாக, இருபது வருட வலிப்பு மாத்திரையாக ஒரு வீட்டுக்குள்ளேயே எழுதப்பட்டுக் கொண்டிருக்கும். அரசின் பட்ஜெட்டில் வராத செலவு, செலவே இல்லை என்று ஆகிவிடுகிறது.

கட்டடம் வந்தது, கை வந்ததா?

இந்தியாவில் 2005-இல் ஜனனி சுரக்ஷா திட்டம் வந்தது. மருத்துவமனையில் பிரசவம் பார்த்துக்கொண்டால் பணம். பலன் கிடைத்தது, மறுக்க முடியாது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2005-06-இல் 38.7 சதவீதமாக இருந்த மருத்துவமனைப் பிரசவம் 2019-21-இல் 88.6 சதவீதமானது. தமிழ்நாட்டில் அது 99 சதவீதத்தையும் தாண்டிவிட்டது. ஆனால் பிறந்து 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகள்? நாடு முழுவதுமாக ஆயிரத்துக்கு 39-லிருந்து 24.9 ஆனது. பிரசவ அறைக்கு வந்தவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல். இறப்பு பாதியாகக்கூடக் குறையவில்லை.

வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் மட்டும் குழந்தை மூச்சு விட்டுவிடாது என்பதுதான் இதன் பொருள். இரவு இரண்டு மணிக்கு இரண்டு பிரசவம் ஒரே நேரத்தில் நடக்கும்போது ஒரே ஒரு நர்ஸ் இருந்தால், தாயைப் பார்ப்பாரா, குழந்தையைப் பார்ப்பாரா? பை எந்த அலமாரியில் இருக்கிறது, அந்த அலமாரியின் சாவி யாரிடம்? சிரிப்பதற்காக எழுதப்பட்ட கேள்விகள் அல்ல இவை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2009-இல் தொடங்கிய நவஜாத் சிசு சுரக்ஷா திட்டத்தில் நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி தரப்பட்டது. நல்ல விஷயம். ஆனால் ஒருமுறை பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ என்று நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு தான்சானியா சாட்சி. ஹைடோம் என்ற ஊரின் மருத்துவமனையில் ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். பொம்மையை வைத்துச் செய்யும்போது எல்லோரும் நன்றாகச் செய்தார்கள். நிஜப் பிரசவ அறையில் எதுவும் மாறவில்லை! பிறகு பொம்மையைப் பிரசவ அறைப் பக்கத்திலேயே வைத்து, சில நிமிடங்கள் மட்டும், ஆனால் அடிக்கடி, பழகச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் முதல் நாள் இறப்பு குறைந்தது. சைக்கிள் ஓட்டவோ வீணை வாசிக்கவோ ஒரே நாளில் கற்றுச் சான்றிதழ் வாங்க முடியுமா? இதுவும் கைப்பழக்கம்தான்.

பிறகு சரிசெய்ய முடியாதா?

முடியும் என்ற நம்பிக்கை இருந்தது. முன்னே சொன்ன ஆறு மணி நேர அமைதிக்குள் குழந்தையின் உடலைக் குளிர்வித்து, சுமார் 33.5 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வைத்திருந்தால் இரண்டாவது அடியின் வேகம் குறைகிறது. 2005-க்குப் பின் பணக்கார நாடுகளில் இது வழக்கமான சிகிச்சையாகிப் பல குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

அதையே இங்கேயும் செய்தால் என்ன? இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளின் ஏழு பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகளை வைத்து ஆய்வு நடந்தது. சென்னையும் அதில் உண்டு. 2021-இல் முடிவு வெளியானபோது பலர் அதிர்ந்தார்கள். குளிர்விக்கப்பட்ட குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள். குளிர்விக்கப்படாதவர்களில் இறந்தது 31 சதவீதம். உதவும் என்று நினைத்த சிகிச்சை இங்கே உதவவில்லை. இங்குள்ள குழந்தைகளின் மூளைக்குச் சேதம் பிறப்பதற்குப் பல மணி நேரம் முன்பே தொடங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் ஒன்று.

அப்படியென்றால் கவனம் இன்னும் முன்னால் போக வேண்டும். வலி எடுத்த பின் குழந்தையின் இதயத்துடிப்பைக் கால் மணி முதல் அரை மணிக்கு ஒருமுறை கேட்க வேண்டும். தாய் முக்கித் தள்ளும் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. நிமிடத்துக்கு 110 முதல் 160 என்ற வரம்பை விட்டு விலகினால் உடனே நடவடிக்கை. இது விதி. நடைமுறையோ, ‘சீக்கிரம் முடியட்டும்’ என்று வலி கூட்டும் ஆக்சிடோசின் ஊசி! கண்காணிப்போடு கொடுத்தால் அது நல்ல மருந்து. கண்காணிப்பில்லாமல் கொடுத்தால் வலிக்கும் வலிக்கும் இடையே குழந்தை மூச்சு வாங்கும் இடைவெளியையே அது பறித்துவிடும். வட மாநிலக் கிராமங்களில் வீட்டுப் பிரசவத்துக்கே இந்த ஊசி போடப்பட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

எதிர்வாதங்கள் இரண்டு

“மூளை முடக்குவாதம் எல்லாமே பிரசவத்தில் வருவதா?” இல்லை. 1860-களில் லண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில் இதைக் கடினமான பிரசவத்தோடு இணைத்து எழுதினார். மனோதத்துவத்துக்குப் பேர்போன சிக்மண்ட் ஃபிராய்ட் 1897-இல் அதை மறுத்து, கருவிலேயே இருந்த கோளாறுதான் பிரசவத்தையும் கடினமாக்கியிருக்கலாம் என்றார். வளர்ந்த நாடுகளில் பெரும்பாலும் ஃபிராய்ட் சொன்னதே சரியாகியிருக்கிறது. அங்கே ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்குத்தான் பிரசவ மூச்சுத்திணறல் காரணம். குறைமாதம், கிருமித்தொற்று, மஞ்சள் காமாலை, மரபுக் கோளாறு என்று வேறு வழிகள் உண்டு. ஆகவே இப்படி ஒரு குழந்தையைப் பார்த்ததும் டாக்டரின் சட்டையைப் பிடிப்பது அநியாயம். ஆனால் தடுக்க முடியாதவை பல இருக்கின்றன என்பது, தடுக்க முடிந்ததைத் தடுக்காமல் விட்டதற்குச் சமாதானம் ஆகாது.

“சிசேரியன் செய்துவிட்டால் பிரச்சினையே இல்லையே?” இதுவும் தவறு. தேவைப்படும் நேரத்தில் தாமதமில்லாமல் செய்யும் சிசேரியன் உயிர் காக்கும். தேவையில்லாமல் செய்வது காக்காது. பணக்கார நாடுகளில் சிசேரியன் பல மடங்கு பெருகியும் மூளை முடக்குவாதத்தின் விகிதம் அதற்கேற்பக் குறையவில்லை. தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பின்படி மொத்தப் பிரசவத்தில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். கத்திக்குப் பஞ்சமில்லை. சிசேரியனில் பிறக்கும் குழந்தைக்கும் அந்த முதல் நிமிடம் அதேதான். பையைப் பிடிக்கத் தெரிந்த ஆள் அங்கேயும் வேண்டும்.

யார் மேல் பழி?

இத்தனைக்கும் பிறகு, பழி விழுவது தாயின் தலையில். மாசமா இருக்கும்போது சரியாகச் சாப்பிடவில்லை, சொல்பேச்சு கேட்கவில்லை, அவள் வம்சமே அப்படி... அவளுக்கோ தன் குழந்தைக்கு என்ன நடந்தது என்று யாரும் எழுதிக்கொடுத்ததுகூட இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் இருக்கும். அவற்றின் அர்த்தத்தைச் சொல்ல யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

பாதிக்கப்பட்ட குழந்தையின் வாழ்க்கை அதோடு முடிந்துவிடுவதும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் கீழ் மூளை முடக்குவாதம் அங்கீகரிக்கப்பட்ட 21 குறைபாடுகளில் ஒன்று. மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. சென்னையில் 1985-இல் தொடங்கிய வித்யாசாகர் போன்ற அமைப்புகள் இந்தக் குழந்தைகளைப் படிக்கவைக்க முடியும் என்று காட்டியிருக்கின்றன. முதல் இரண்டு மூன்று வருடங்களில் மூளை மிக வேகமாகக் கற்றுக்கொள்ளும். அந்த வருடங்களைப் பரிகாரத்தில் செலவழித்துவிட்டு நாலாவது வயதில் பிசியோதெரபிக்கு வருவது, முதல் நிமிடத்தை இழந்த குழந்தையிடமிருந்து முதல் வருடங்களையும் பறிப்பதுதான்.

ஆகவே நண்பர்களே, வீட்டில் அக்காவுக்கோ அண்ணிக்கோ பிரசவம் என்றால் வளைகாப்புக்கு எத்தனை வகைச் சாதம் என்று முடிவு செய்வதற்கு முன் மருத்துவமனையில் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். குழந்தைக்கென்று தனியாக ஓர் ஆள் பிரசவ அறையில் இருப்பாரா? பச்சைக் குழந்தை அளவுப் பையும் மாஸ்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்குமா? அவர் கடைசியாக எப்போது அதைப் பழகினார்? வலி நேரத்தில் இதயத்துடிப்பை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவைப்பார்கள்? ஏ.சி. ரூம் உண்டா, டி.வி. உண்டா என்று தயங்காமல் கேட்கிற குடும்பத்துக்கு இதைக் கேட்க மட்டும் என்ன கூச்சம்?

ஓட்டுக் கேட்டு வருபவர்களிடமும் கேட்கலாம். புதிய கட்டடம் வேண்டாம், இருக்கிற பிரசவ அறையில் இரவு ஷிப்ட்டுக்கு இன்னொரு நர்ஸ் போடுங்கள் என்று. வாரம் ஐந்து நிமிடம் பொம்மையில் பழகுவதை ஒவ்வொரு பிரசவ அறையிலும் கட்டாயமாக்குங்கள் என்று.

தலையில் எழுதியவன் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த முதல் நிமிடத்தில் பையைப் பிடித்திருக்க வேண்டிய கை யாருடையது என்பது டூட்டி சார்ட்டில் எழுதியிருக்கும். அந்தக் கைக்குப் பழக்கமும் துணையும் கொடுக்காதவர்கள் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.